சுருளிராஜன் உயிரோடிருப்பதற்கான சான்று

சுருளிராஜன் தினமும் காலையில் கேரளாவுக்குப் போய்ச் சாயங்காலம் தமிழ்நாட்டுக்குத் திரும்புகிறவர். கம்பத்தில் பெண்களை ஜீப்பில் ஏற்றி, கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஏறி, ஏலக்காய்த் தோட்டத்தில் இறக்கிவிடுவார். அவர்கள் காய் பறித்து முடிக்கும்வரை ஜீப்புக்குள்ளேயே கால் நீட்டித் தூங்குவார். பிறகு அதே பெண்களை ஏற்றிக்கொண்டு இறங்குவார். இது தவிர அவர் பார்த்த வெளியூர்கள் மதுரை, பழனி, ஒரே ஒரு தடவை சபரிமலை. மலையாளம் தெரியும். ஆனால் ஏலக்காய், செக்போஸ்ட், டீ ஆகிய மூன்றைப் பற்றி மட்டுமே அதில் பேச வரும்.

அவருடைய மனைவி ஹேமாவதி வடுகபட்டிக்காரர், நர்ஸ். பெண் பார்க்கப் போன அன்றே அவர் நேராகக் கேட்டாராம்: “எனக்கு வெளிநாட்டு ஆர்டர் வந்தா நான் போயிருவேன். பொறகு நீங்களும் வரணும். சம்மதமா?” ஆர்டராவது வருவதாவது என்று நினைத்து சுருளிராஜன் சம்மதம் என்றார். கல்யாணம் முடிந்த இரண்டாவது மாதம் ஆர்டர் வந்தது. ஹேமாவதி ஒரு குளிர் நாட்டின் முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போனார். சுருளிராஜன் வழக்கம்போலக் கம்பம்மெட்டுக்குப் போனார்.

இரண்டு வருடம் கழித்து ஹேமாவதிக்கு அங்கேயே நிரந்தரமாகத் தங்கும் உரிமை கிடைத்தது. கணவரைக் கூப்பிட்டுக்கொள்ள விண்ணப்பம் போட்டார். அந்த நாட்டுக்காரர்கள் குடியேற்ற நேர்காணலை இந்தியாவில் நடத்துவதில்லையாம். கொழும்புக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. ஒரு நாட்டுக்கு வரலாமா என்று கேட்பதற்கு இன்னொரு நாட்டுக்குப் போக வேண்டும் என்பது சுருளிராஜனுக்குப் புரிய ஒரு வாரம் ஆனது. இந்தத் தடவை மறுத்துவிட்டால் மறுபடி விண்ணப்பித்துக் காத்திருக்க இன்னும் மூன்று வருடம் ஆகலாம் என்று ஹேமாவதி போனில் சொன்னது மட்டும் உடனே புரிந்துவிட்டது.

என் அம்மா முனீஸ்வரி அந்த ஜீப்பில்தான் ஏலக்காய் பறிக்கப் போகிறார். எங்கள் வீட்டில் கல்லூரியைப் பார்த்த முதல் ஆள் நான். ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு வேலை தேடுகிறேன். தேடும் நேரம் போக, கம்பத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து பிறப்புச் சான்றிதழ், பத்திரம் போன்றவற்றை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்கிறேன். “எம் மகன் இங்கிலீசுல எதையும் எழுதிருவான்” என்று அம்மா ஜீப்பில் சொல்லிவைத்திருந்தார். ஒருநாள் மாலை சுருளிராஜன் ஒரு துணிக்கடைப் பை நிறையக் காகிதங்களோடு வந்து நின்றார்.

“தம்பி, நெசமாவே கல்யாணம் ஆனதுக்கு ஆதாரம் கேக்குறாக.”

“கல்யாணப் பதிவுச் சான்றிதழ் இருக்குல்லண்ணே?”

“அது பத்தாதாம். போட்டோ வேணுமாம். ஒட்டு வெட்டு இல்லாத போட்டோ. போட்டோவுல எங்கயாச்சும் எழுத்து இருந்தா அதையும் இங்கிலீசுல எழுதித் தரணுமாம்.”

கல்யாண ஆல்பத்தைத் திறந்தேன். முதல் பக்கத்தில் சுருளிராஜனும் ஹேமாவதியும் பாரிஸில் இருந்தார்கள். பட்டு வேட்டி, மாலை சகிதம், ஈபிள் கோபுரத்துக்கு முன்னால். அடுத்த பக்கத்தில் பனிமலை. அதற்கடுத்து இருவரும் ஒரு ரோஜாப்பூவுக்குள் உட்கார்ந்திருந்தார்கள். தாலி கட்டுவது ஒரு நீர்வீழ்ச்சியின் நடுவில் நடந்தது. சுற்றி நின்ற சொந்தக்காரர்களை வெட்டிவிட்டு, போட்டோக்காரர் இரண்டு அன்னப்பறவைகளை நிறுத்தியிருந்தார்.

“அண்ணே, உங்க பாஸ்போர்ட் எப்ப எடுத்தது?”

“போன மாசம்.”

“இதைப் பாத்தா பாஸ்போர்ட் இல்லாமப் பாரிசுக்குப் போனீகளான்னு கேப்பாகளே.”

அவர் ஆல்பத்தைத் தன் பக்கம் திருப்பி, அன்னப்பறவைகளை முதல் தடவையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். ஒட்டு வேலைக்கு முந்தைய படங்களைக் கேட்டுப் போட்டோக்காரரிடம் போனோம். ஹார்ட் டிஸ்க் எரிந்துபோய்விட்டது என்றார். வேண்டுமானால் பாரிஸை எடுத்துவிட்டு கொழும்பு வைத்துத் தருவதாகச் சொன்னார்.

மிச்சமிருந்தது உறவினர்கள் செல்போனில் எடுத்த படங்கள். தாலி கட்டி முடித்ததும் அடுத்த முகூர்த்தக்காரர்கள் மேடையைப் பிடித்துக்கொண்டதால், மாப்பிள்ளையும் பெண்ணும் மண்டப வாசலில் நின்றுதான் எல்லோரோடும் படம் எடுத்திருந்தார்கள். அசல் படங்கள். அசல் வேர்வை, அசல் சொந்தக்காரர்கள், ஒரு அன்னப்பறவைகூட இல்லை. ஆனால் எல்லாப் படத்திலும் இவர்களுக்குப் பின்னால் ஒரு பெரிய பிளெக்ஸ் பேனர் இருந்தது.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு நண்பர்கள் பேனர் கட்டாமல் இருக்க மாட்டார்கள். சிங்கத்தோடு சேர்த்து அடிப்பார்கள், சிங்காசனத்தில் உட்கார வைப்பார்கள். இப்போது சில வருடங்களாக, மாப்பிள்ளைக்கு இரங்கல் பேனர் அடிப்பது ஒரு வழக்கமாகியிருக்கிறது. சுருளிராஜனுக்கு அவருடைய ஜீப் ஸ்டாண்டு நண்பர்கள் அதைத்தான் கட்டியிருந்தார்கள். கறுப்புப் பின்னணி. அவர் படத்துக்கு மாலை. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. மேலே பெரிதாகக் ‘கண்ணீர் அஞ்சலி’. ‘தோற்றம்’ என்று பிறந்த தேதி. ‘மறைவு’ என்று கல்யாணத் தேதி. அதற்குக் கீழே:

‘எங்கள் கம்பம்மெட்டுச் சிங்கம் சுருளிராஜன் திருமணம் என்னும் கோர விபத்தில் சிக்கி எங்களை மீளாத் துயரில் ஆழ்த்திச் சென்றார். அன்னாரின் ஆன்மா ஹேமாவதியின் காலடியில் இளைப்பாறட்டும். கதறி அழும்: அம்மாவாசி மற்றும் ஜீப் நண்பர்கள்.’

நான் சுருளிராஜனைப் பார்த்தேன். அவர் காலண்டரைப் பார்த்தார்.

“இதையும் இங்கிலீசுல எழுதணுமா தம்பி?”

“எழுத்து இருந்தா எழுதணும்னுதான் போட்டிருக்கு.”

எழுதினேன். நான் கல்லூரியில் இலக்கியம் படித்தது எதற்கு என்று எத்தனையோ தடவை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். இதற்காக இருக்குமோ என்று அன்றைக்குத் தோன்றியது. தமிழில் படித்தால் வயிறு வலிக்கச் சிரிப்பு வந்தது. ஆங்கிலத்தில் அப்படியே அழகான சாவு அறிவிப்பு. ஒரு சொல்கூடத் தப்பில்லை, சிரிப்பு மட்டும் எங்கோ விழுந்துவிட்டது. கீழே ‘இது விளையாட்டு’ என்று ஒரு குறிப்புச் சேர்க்கலாமா என்று யோசித்தேன். மொழிபெயர்ப்பாளர் தன் சொந்தக் கருத்தைச் சேர்க்கக் கூடாது என்று கடிதத்திலேயே இருந்தது. ஒரு மனிதர் உயிரோடு எதிரில் உட்கார்ந்திருக்கிறார் என்பது என் சொந்தக் கருத்தா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

ஹேமாவதிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார் சுருளிராஜன்.

“அந்தக் கருமத்தையா அனுப்பப் போறீக?” என்றார் ஹேமாவதி.

“வேற படம் இல்லையே ஹேமா. ஒண்ணு இது, இல்லாட்டி பாரிசு.”

போனில் பின்னால் யாரோ ஒரு வயதானவர் அந்த நாட்டு மொழியில் முனகுவது கேட்டது. பிறகு ஹேமாவதி சொன்னார்: “பாரிசுக்குப் போனதாப் பொய் சொல்றதுக்கு, செத்துப்போனதா உண்மையைச் சொல்லிருங்க. வைக்கிறேன், பெரியவருக்கு ஊசி போடணும்.”

பேனரை எழுதி அடித்த அம்மாவாசியை வரவழைத்தோம். அவரும் ஜீப் ஓட்டுகிறவர்தான். விஷயத்தைக் கேட்டதும் முகம் வாடிவிட்டது.

“மாப்ள, சத்தியமா நல்ல மனசோடதான்டா அடிச்சேன். கவலைப்படாத. இன்னொரு பேனர் அடிச்சுருவோம். ‘மீண்டு வந்த சிங்கம்’னு. அதுக்கு முன்னாடி நின்னு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.”

“பொண்டாட்டி இல்லாமயா?”

“ஆமால்ல” என்று அம்மாவாசி உட்கார்ந்துவிட்டார்.

கடைசியில் நோட்டரி வக்கீல் சுந்தரலிங்கத்திடம் போனோம். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி என் மொழிபெயர்ப்பை இரண்டு தடவை படித்தார்.

“ஒண்ணும் பிரச்சினை இல்ல. உயிரோட இருக்கேன்னு ஒரு அஃபிடவிட் போட்டுருவோம். நீ உயிரோட இருக்குறதுக்கு என்ன ஆதாரம் வச்சிருக்க?”

“ஆதார் இருக்கு சார்.”

“அது செத்தவனுக்கும் இருக்கும்.”

“நான்தான் இந்தா உக்காந்திருக்கேனே சார்.”

“எனக்குத் தெரியுதுப்பா. காகிதத்துக்குத் தெரியணும்ல? ஒரு சாட்சி கொண்டா. உன்னய நல்லாத் தெரிஞ்ச ஆளா இருக்கணும்.”

அம்மாவாசி சாட்சிக் கையெழுத்துப் போட்டார். இறந்ததை அறிவித்தவரே இருப்பதையும் உறுதி செய்தார். அஃபிடவிட்டின் கடைசி வரியை சுந்தரலிங்கம் வழக்கம்போல எழுதியிருந்தார்: ‘நான் உயிரோடிருக்கிறேன் என்பது என் அறிவுக்கும் நம்பிக்கைக்கும் எட்டியவரை உண்மை.’ அந்த ‘எட்டியவரை’யை எடுத்துவிடலாமே என்று கேட்டேன். “முப்பது வருசமா இப்படித்தான் போடுறேன் தம்பி, யாரும் கேட்டதில்ல” என்று முத்திரையை ஊதிக் குத்தினார்.

இனி மிச்சம் நேர்காணலின் கேள்வி பதில்தான். அதை ஜீப் எடுத்துக்கொண்டது. நெட்டில் கிடைத்த மாதிரிக் கேள்விகளைத் தமிழில் எழுதி எடுத்துக்கொண்டு நானும் சில நாட்கள் அவர்களோடு மலையேறினேன். என் அம்மா பக்கத்திலிருந்த கஸ்தூரியம்மாளின் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு அதிகாரி ஆனார்.

“ம். பேரென்ன?”

“முனீசக்கா, என் பேரு தெரியாதா?”

“ஏலே, நான் அதிகாரி. ஒழுங்காச் சொல்லு. எதுக்கு எங்க நாட்டுக்கு வாற?”

“பொண்டாட்டி அங்கன இருக்கா.”

“பொண்டாட்டி இருந்தா வரணுமா?” என்று பின்னாலிருந்து கஸ்தூரியம்மாள் கேட்டார். “எம் புருசன் கூடலூர்ல இருக்கான். நான் போறேனா?”

“இது செல்லாத கேள்வி” என்றார் அம்மா. “அடுத்தது. ஓம் பொண்டாட்டிக்கு என்ன குழம்பு பிடிக்கும்?”

“கருவாட்டுக் குழம்பு.”

“அது ஒனக்குப் பிடிக்கும்லே. அவளுக்கு?”

சுருளிராஜன் கியரை மாற்றினார். ஜீப் முழுக்க ஒரு ‘அய்யய்யோ’ எழுந்தது.

“தூங்கையில எந்தப் பக்கம் படுப்பா?” என்று ஒரு பெண் கேட்டதும் அவர் ஹாரனை அழுத்தினார். எதிரே வண்டி எதுவும் வரவில்லை.

தனக்கு மனைவியைப் பற்றி அதிகம் தெரியாது என்பது அவருக்கு அந்த மலையில்தான் தெரிந்தது. சேர்ந்திருந்ததே சில வாரங்கள். அதில் பாதி விருந்து. மறுநாளிலிருந்து பெண்கள் காய் பறிக்கும் நேரத்தில் ஜீப்பில் தூங்குவதை விட்டுவிட்டு ஹேமாவதிக்குப் போன் செய்ய ஆரம்பித்தார். என்ன குழம்பு, எந்த நிறம், சின்ன வயசில் எங்கே விழுந்தாய், யாரைக் கண்டால் பிடிக்காது. ஹேமாவதி பஸ்ஸில் போகும்போது பதில் சொல்வார். “இதெல்லாம் கேக்க ஒருத்தர் இன்டர்வியூ வைக்கணுமா?” என்று ஒருநாள் கேட்டாராம். அதைச் சொல்லும்போது சுருளிராஜன் என்னைப் பார்க்கவில்லை, ஜீப் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பதில்கள் கிடைத்தன. நினைவில்தான் நிற்கவில்லை. அதற்கு அவரே ஒரு வழி கண்டார். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் ஒரு பதிலை மாட்டினார். முதல் வளைவில் ஹேமாவதியின் பிறந்தநாள். இரண்டாவதில் பூண்டுக் குழம்பு. மூன்றாவதில் மாமனார் பெயர். நான்காவதில், வலது பக்கம்தான் படுப்பார். வளைவு வந்ததும் ஸ்டீரிங்கை ஒடித்துக்கொண்டே பதிலைச் சொல்வார். ஒரு பிசகு இல்லை. ஜீப்பே கைதட்டும். சமதளத்தில் நிறுத்திக் கேட்டால் மாமனார் பெயர்கூட வராது. எனக்கு அது கவலையாக இருந்தது. அம்மா மட்டும், “கொழும்புலயும் மலை இருக்கும்ல?” என்றார்.

சுருளிராஜன் மதுரையிலிருந்து விமானத்தில் கொழும்புக்குப் போனார். அதற்குப் பிறகு நடந்ததை அவர் திரும்பி வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஓர் இளம் பெண் அதிகாரி. பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு கொழும்புத் தமிழ் அம்மா. முதல் கேள்வியே ஹேமாவதி எந்தப் பக்கம் படுப்பார் என்பதுதான். அது நான்காவது வளைவு. அங்கே போக வேண்டுமானால் அடிவாரத்திலிருந்துதான் ஏற வேண்டும். சுருளிராஜன் கையிலிருந்த ஃபைலை ஸ்டீரிங்போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். முதல் வளைவில் இடப்பக்கம் சாய்ந்தார். இரண்டாவதில் வலப்பக்கம். மூன்றாவதில் கால் தரையில் கிளட்ச் மிதித்தது.

“உங்களுக்கு ஏதும் சுகமில்லையோ?” என்று மொழிபெயர்ப்பம்மா கேட்டார்.

“வந்துட்டேன்மா. வலது பக்கம்.”

அடுத்த கேள்வி பிறந்தநாள். அது முதல் வளைவு. மொத்தமும் இறங்க வேண்டியதாயிற்று. இறங்கும்போது அவருக்கு ஹாரன் அடிக்கும் பழக்கம் உண்டு. அடிக்காமல் இருந்ததே பெரிது என்றார்.

பிறகு அதிகாரி அஃபிடவிட்டைக் கையில் எடுத்தார். நெடுநேரம் படித்தார்.

“நீங்கள் உயிரோட இருக்கிறதாச் சொல்லியிருக்கிறியள். உங்கட அறிவுக்கு எட்டினவரைக்கும் எண்டு போட்டிருக்கு. அதில உங்களுக்கு ஏதும் சந்தேகம் இருக்கோ எண்டு கேக்கிறா” என்றார் மொழிபெயர்ப்பம்மா.

“இல்லம்மா. வக்கீல் அப்பிடித்தான் போடுவாராம்.”

“சாட்சி போட்ட அம்மாவாசியும், அந்தப் பேனரில கதறி அழுகிற அம்மாவாசியும் ஒராளோ?”

“ஆமாம்மா. ஒரே ஆளுதான். நல்ல பையன்.”

அதிகாரி சிரிக்கவில்லை. போட்டோக்களை எடுத்து மேசைமேல் சீட்டுக்கட்டைப்போல வரிசையாகப் பரப்பினார். பேனாவால் ஒவ்வொன்றாகத் தட்டினார். ஏதோ சொன்னார்.

“நீங்கள் ஒவ்வொரு படத்திலயும் ஒவ்வொரு இடத்தில நிக்கிறியள். உங்கட மனைவி மட்டும் எல்லாத்திலயும் ஒரே இடத்தில நிக்கிறா. ஒரு அடிகூட அசையேல்ல. ஏன் எண்டு கேக்கிறா.”

இந்தக் கேள்வி எந்த வளைவிலும் இல்லை. சுருளிராஜன் ஃபைலைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். தினமும் பார்த்த படங்கள்தான். பேனரை மட்டும் பார்த்திருக்கிறார், ஹேமாவதியைப் பார்க்கவில்லை. அதிகாரி சொன்னது சரி. மாமா, சித்தி, நண்பர்கள் என்று ஆட்கள் மாறுகிறார்கள். அவரையே இழுத்து இழுத்து இடம் மாற்றியிருக்கிறார்கள். ஹேமாவதி ஒரே இடத்தில். அவருடைய தலை மறைத்ததில் ‘மறைவு’ என்ற சொல்லும் தேதியும் எந்தப் படத்திலும் தெரியவில்லை. ‘தோற்றம்’ மட்டும் தெரிகிறது. நான் அந்தத் தேதியை மொழிபெயர்த்ததே அம்மாவாசி போனில் வைத்திருந்த பேனர் டிசைனைப் பார்த்துத்தான்.

கண்ணாடித் தடுப்பில் விரலை வைத்து அந்த இடத்தைக் காட்டினாராம்.

மொழிபெயர்ப்பம்மாவிடம் சொல்லியிருக்கிறார்: “நான் செத்ததாப் போட்ட தேதியை அவ மறைச்சுக்கிட்டு நிக்கிறாம்மா. யாரும் பாத்துறக் கூடாதுன்னு. எங்கிட்டக்கூடச் சொல்லல.”

அந்த அம்மா அதை ஆங்கிலத்தில் சொல்வதற்கு முன்னால் ஒருமுறை தண்ணீர் குடித்தார். அதிகாரி படங்களைத் திரும்பவும் பார்த்தார். பிறகு அவற்றை ஒன்றாக அடுக்கி, அஃபிடவிட்டை மட்டும் தனியே எடுத்துத் திருப்பிக் கொடுத்தார். இது தேவைப்படாது என்றார். விசா வழங்கப்படும், பாஸ்போர்ட் கூரியரில் வரும் என்றார்.

வாசல் கேட்டைத் தாண்டி வந்து ஹேமாவதிக்குப் போன் போட்டார்.

“குடுத்துட்டாக ஹேமா.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு, “என்னங்க கேட்டாக? வளைவெல்லாம் கரெக்டா வந்துச்சா?”

“அதெல்லாம் விடு. நீ ஏன் எல்லாப் போட்டோவுலயும் ஒரே எடத்துல நின்னேன்னு கேட்டாக. நான் சொல்லிட்டேன். நீ அந்தத் தேதிய மறைச்சுக்கிட்டு நின்னேன்னு.”

“எந்தத் தேதி?”

“மறைவுன்னு போட்டிருந்தான்ல அம்மாவாசி.”

“அதை யாருங்க படிச்சா? எனக்கு அப்ப கண்ணே தெரியல. பட்டுச்சேலை, ரெண்டு மாலை, சடை, வேர்த்து ஊத்துது. வாசல்ல ஒரு ஸ்டாண்டு ஃபேன் இருந்துச்சு பாருங்க, அதோட காத்து அந்த ஒரு எடத்துலதான் வந்துச்சு. அதான் நகர மாட்டேன்னு நின்னேன். உங்க சித்திகூடத் தள்ளிப் பாத்தாக.”

சுருளிராஜன் கேட்டைத் திரும்பிப் பார்த்தார்.

“அப்ப நான் உள்ள பொய்யில்ல சொல்லிட்டு வந்திருக்கேன்?”

“ஏங்க...”

“இரு. போயிச் சொல்லிட்டு வந்துர்றேன்.”

“ஏங்க! உங்களுக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?”

போனை அணைக்காமலே அவர் கேட்டுக்குப் போனார். ஒரு சின்னத் திருத்தம், ஃபேன் விஷயம், ஒரு நிமிஷம் போதும் என்று காவலாளியிடம் சொன்னார். காவலாளிக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். அப்பாயின்ட்மென்ட் இருக்கா என்று கேட்டார். இப்போதுதான் முடிந்து வெளியே வந்தேன் என்றார் சுருளிராஜன். முடிஞ்சால் புதுசு எடுக்கணும் என்றார் காவலாளி. எப்போது கிடைக்கும் என்று கேட்டதற்கு எட்டு விரல்களைக் காட்டி, மாசம் என்றார்.

போனுக்குள் ஹேமாவதி கத்திக்கொண்டிருந்தார். அவர் அதைக் காதில் வைத்தார்.

“எட்டு மாசம் ஆகுமாம் ஹேமா.”

“அதுக்குள்ள நீங்க இங்கன வந்துருவீக” என்றார் ஹேமாவதி. “அந்தத் திருத்தத்தை எங்கிட்ட வந்து சொல்லுங்க.”